முன்னாலேயே வந்துபோனவள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து லென்ஸ் மாட்டித் தருகிறவளுக்கு உறவுக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் போலீஸ்காரி. அவள் வாய்க்குப் பொருத்தமான பெயர்தான். "நீ தனியாப் பொறக்கல. கூட ஒருத்தி இருந்தா, கொடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா கண்ணை மூடினாள். அன்றிலிருந்து லீவு நாளெல்லாம் இவளுக்கு வீடு வீடாக விசாரணை.

தொலைக்காட்சியிலும் இந்த வேலை நடக்கிறது. நடிகர் சோபாவில் உட்காருவார். யாரோ அலைந்து தேடியதை மடியில் கொண்டுவந்து வைப்பார்கள். விளம்பரத்துக்கு முன்னால் சரியாக அழுவார். கடைசியில் கதவு திறக்கும், தொலைந்த சொந்தம் வெளிச்சத்தில் வந்து நிற்கும். இவளுக்கோ, "இப்ப அதத் தெரிஞ்சு என்ன பண்ணப் போற?" என்று வாசலிலேயே பேச்சை முடித்துவிடுவார்கள். பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்த நிகழ்ச்சியை ஒரு வாரம்கூட விடமாட்டாள்.

இந்த லீவு நாளில் முதலில் மாமா வீடு. மாமா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போன வாரந்தானே எல்லாத்தையும் கேட்டுட்டுப் போன? மறுபடியும் மொதல்லேருந்தா?"

போன வாரம் அவள் கடையை விட்டு நகரவே இல்லை. மாமாவுக்கு வயதாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சித்தி வீட்டிலும் அதே கதை. "இன்னிக்காவது வாயத் தொறந்து பேசறியே. அன்னிக்கு வாடின்னு கூப்பிட்டதும் உள்ள வந்து, உங்கம்மா போட்டோவையே பாத்துக்கிட்டு நின்ன. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

சித்திக்கு வயதாகவில்லை. கண்ணும் நல்ல கண், சோதித்தவளே இவள்தான். தன் முகத்தோடு ஒருத்தி, தனக்கு ஒரு வீடு முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள். பயம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். மிச்சம் இருந்தது, குழந்தையைத் தூக்கிக் கொடுத்த பெரியம்மா வீடுதான். அடித்துப்பிடித்து ஓடினாள்.

பெரியம்மா கதவைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தாள். "நேத்து அவ்வளவு சொன்னேன். இன்னுமா தேடற?"

"என்ன சொன்னீங்க?"

"அந்தக் கொழந்த அப்பவே செத்துப்போச்சு, விட்டுடுன்னு."

"நெசமாவா பெரியம்மா?"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "உன் அலைச்சல் நிக்கட்டுமேன்னு சொன்னேன். மறுபடி அந்தப் பொய்யச் சொல்ல வாய் வரல. அவ உசுரோடதான் இருக்கணும்."

"நேத்து வந்தது நான் இல்ல."

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வாசலுக்கு வந்து தெருவை எட்டிப் பார்த்தாள்.

"அவ என்ன சொன்னா பெரியம்மா?"

"செத்த கொழந்தைய எங்க பொதச்சீங்கன்னு கேட்டா. ஞாபகமில்லன்னேன். சரின்னு எந்திரிச்சுட்டா."

"எங்க போறேன்னாளா?"

"வீட்டுக்குத்தானேன்னு நான்தான் கேட்டேன். ஆமான்னா."

எந்த வீடு என்று கேட்கப் பெரியம்மாவுக்குத் தோன்றவில்லை. வந்தவள் இவள்தான் என்று நினைத்தவளுக்கு இவள் வீடுதான் தெரியுமே.