மேற்கு எல்லை

பக்கவாதம் வந்த நூற்றுப் பதினெட்டாம் நாள், ஒரு திங்கட்கிழமை, செங்கல்பட்டில் பத்திரம் எழுதும் வேலைக்குத் திரும்பினேன். இடது கால் சற்று இழுத்தது. எழுதும் வலக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே எல்லாம் பழையபடிதான் என்று நினைத்திருந்தேன். கடையில் கூட்டாளியான நண்பர் அப்படி நினைக்கவில்லை.

"ஒரு வாரம் எழுதிப் பாரு. சரியா வரலன்னா வூட்ல இரு. ஜனங்க சொத்து, தப்பாச்சுன்னா பேஜாரு" என்றார்.

முதலில் வந்தவர் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்து மீனவர். வீட்டு மனையை மகளுக்கு எழுதிவைக்க வேண்டும். அவர் கொண்டுவந்த மனை வரைபடத்தைப் பார்த்து எல்லைகளை எழுதினேன். தட்டச்சுக்குப் போகுமுன் படித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். அவர் கண்ணை மூடி, நான் சொல்லச் சொல்ல அந்தந்தத் திசைக்குக் கையை நீட்டினார். மூன்று திசைகளுக்குப் பிறகு கை அந்தரத்தில் நின்றது.

"அண்ணாத்த, மேற்கால இன்னா கீது?"

"அவ்வளவுதாங்க."

"இன்னா அவ்ளோதான்? அங்க என் மச்சான் வூடு கீதே! அவன கடல்ல தூக்கிப் போட்டுட்டியா? எனக்கு சந்தோஷந்தான், என் தங்கச்சி அழுவாளே."

கடையே சிரித்தது. நண்பர் மட்டும் சிரிக்காமல், வரைபடத்தை என் வலப்பக்கமாக நகர்த்தினார். அதுவரை இல்லாத அந்த வீடு அப்போதுதான் கண்ணில் பட்டது. மறுநாள் வருவதாகச் சொல்லி மீனவர் கிளம்பினார்.

மாலையில் என் நாட்குறிப்பை எடுத்து, ஒவ்வொரு தாளின் இடது ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் எல்லா வரிகளும் பக்கத்தின் நடுவில் தொடங்கியிருந்தன. தேதி தவறாமல் எழுதியவனுக்கு இது தெரியவில்லை. "இடப்பக்கம் கவனம் குறையும்" என்று மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பெண் சொன்னதை, இடது காலைப் பற்றிய பேச்சு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதல், எந்தத் தாளானாலும் இடது ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோடு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிய பிறகே படித்தேன். வேகம் பாதியானது. மீனவரின் கை நான்கு திசைக்கும் போய்வந்தது.

சனிக்கிழமைவரை நண்பர் ஒவ்வொரு வரைவையும் சரிபார்த்தார். எதிலும் எல்லை விடுபடவில்லை. அன்று பிற்பகல் தடித்த காகிதக் கட்டு ஒன்றை என் மேசைமேல் போட்டார்.

"ஏழு பங்காளிங்க, ஒரே வயலு. எனக்குத் தல சுத்துது, நீயே எழுது."

"நீங்க பாக்கணுமா?"

"எதுக்கு? எனக்கு வேற வேல இல்ல?"

ஏழு பங்கின் எல்லைகளையும் எழுதி முடிக்கத் திங்கட்கிழமை மதியம் ஆனது.