டோல் ஃப்ரீயும் ஒரு மெமரி கார்டும்

எங்கள் வீட்டில் கேமரா வேறு, ஃபோன் வேறு என்பது யாருக்கும் இன்னும் பிடிபடவில்லை. ஷட்டர் சத்தம் அடங்குவதற்குள் "அனுப்பு லா" என்று கையை நீட்டுவார்கள். அனுப்பலாம்தான், ஆனால் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் செருகி, லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கேமராவுக்கும் ஃபோனுக்கும் நடுவே வயர் மாட்ட வேண்டும். அதுவும் இல்லையென்றால் கேமராவின் வைஃபையில் ஃபோனை இணைத்து இழுக்க வேண்டும். தஞ்சோங் மாலிமில் படிக்கும்போது பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசில், ஈப்போவில் யாரோ விற்ற பழைய கேமராவை வாங்கினேன். இந்த மூன்று வழியும் அதிலேயே பழகியவை. அதனால்தான் திடலில் அத்தனை பேர் முன்னால் "ஒரு நிமிஷம், இப்பக் காட்டுறேன்" என்று வாய்விட்டேன்.

திடல் இருப்பது செமோருக்கு உள்ளே. அப்பா பிறந்த ரப்பர் தோட்டம் அது. இப்போது பாதி எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை, மீதி தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள். கோயிலும் அதன் பக்கத்துத் திடலும் மட்டும் அப்படியே நிற்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை, பழைய தோட்டத்து ஆட்கள் கூடும் நாளில், அங்கே ஏழு பேர் காற்பந்து நடக்கும். தோட்டத்தின் இரண்டு பிரிவுக்கும், மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டே அணி, ஒரே ஆட்டம். அப்பா மேல் டிவிஷனில் ரப்பர் பால் வெட்டியிருந்தால் மகன் மேல் டிவிஷனுக்கு ஆட வேண்டும், கீழ் என்றால் கீழ். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் ரப்பர் மரத்தைக் கையால் தொட்டதில்லை. ஒருவன் சிங்கப்பூரிலிருந்து பஸ் ஏறி வருகிறான். ஆனாலும் அன்றைக்கு டிவிஷன் என்றால் உயிர். தோற்ற டிவிஷன்தான் விருந்துச் சட்டிகளைக் கழுவ வேண்டும்.

என் அண்ணன் மேல் டிவிஷனின் கோல் கீப்பர். அம்மா பிறந்தது கீழ் டிவிஷன். ஆகவே ஒவ்வொரு வருடமும் அம்மா எதிர்ப்பக்கக் கூடாரத்தில், மாமா குடும்பத்தோடு உட்கார்ந்து, பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கத்துவார். கேட்டால், "கல்யாணம் கட்டுனா கட்சி மாறணும்னு எவன் சொன்னான்?" என்பார்.

போன வருடம் கடைசி நேரத்தில் ஒரு பந்து உருண்டு வந்தது. அதை உதைத்தான் என்று சொல்வதே மரியாதை. அப்படி ஒரு மெதுவான பந்து, அண்ணனின் இரண்டு காலுக்கும் நடுவே போய்விட்டது. உதைத்தது மாமா மகன்தான். அன்று சாப்பிட உட்காரும்போதே அவன் பெயர் வைத்துவிட்டான்: டோல் ஃப்ரீ. பெருநாள் காலத்தில் நெடுஞ்சாலையில் டோல் வாங்காமல் எல்லாக் காரையும் விடுவார்களே, அது. பெயரோடு ஒரு சைகையும் சேர்ந்துகொண்டது. அண்ணன் எதிரே வந்தால், முழங்கையை மடக்கி, தடுப்புக் கட்டை தூக்குகிற மாதிரி கையை மெல்ல மேலே தூக்குவார்கள். கல்யாண வீட்டில் தூக்கினார்கள். அவன் வேலை செய்யும் டயர் கடைக்கே வந்து ஒருவர் காருக்குள் இருந்தபடி தூக்கினார். அண்ணன் சிரித்துவைப்பான். பிறகு சாயங்காலம் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருப்பான். கீழ் வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து சண்டை போட்டார்.

இந்த வருடம் காரிலிருந்து இறங்கும்போது என்னிடம் சொன்னான்.

"நீ கோல் கம்பத்துக்கிட்டயே நில்லு. நான் புடிக்கிறத ஒண்ணு எடுத்துரு. க்ளியரா. ப்ரொஃபைல்ல போட்டா, அப்புறம் ஒருத்தனும் கையைத் தூக்க மாட்டான்."

"புடிக்கலைன்னா?"

"வாயக் கழுவு."

நின்றேன். ஆட்டம் முடியப் போகும்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிகிற நேரத்தில் கோல் முகத்தில் ஒரே நெரிசல். மாமா மகன் காலை வீசினான், அண்ணன் விழுந்து இரண்டு கையாலும் பந்தை அமுக்கினான். நான் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். கேமரா தடதடவென்று எடுத்துத் தள்ளியது.

"கோல்!" என்று கீழ் டிவிஷன் கூடாரம் எழுந்தது. அதில் அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது.

"என்னா கோல்? கோட்டு மேலேயே புடிச்சிட்டான் லா!" என்று நம் ஆட்கள்.

ரெஃப்ரி கோயில் கமிட்டி மாமா. ஓட முடியாமல் நடுத்திடலில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். கோடு பார்க்க ஆள் கிடையாது. ஃபோனில் வீடியோ எடுத்தவர்கள் கூடாரத்தில் இருந்தார்கள், அங்கிருந்து பார்த்தால் எல்லாம் முதுகுதான். ரெஃப்ரி மாமா என்னைப் பார்த்தார். "நீதான பக்கத்துல இருந்த? படம் இருக்கா?"

அப்போதுதான் அந்த "ஒரு நிமிஷம்".

கேமராவின் சின்னத் திரையில் படம் இருந்தது. திரையில் ஏற்கெனவே கீறல், மேலே நல்ல வெயில். பத்துத் தலை ஒன்றாகக் குனிந்தது. பந்து தெரிந்தது, கையுறை தெரிந்தது, வெள்ளையாக ஒரு கீற்றும் தெரிந்தது.

"அதான் கோடு. பந்து உள்ள இருக்கு பாரு."

"கண்ணாடி போட்டுப் பாரு மச்சான். பந்து வெளிய இருக்கு."

"பெருசா காட்டு, கேமராக்காரி!" என்றான் மாமா மகன்.

கார்டு ரீடர் வீட்டில், லேப்டாப் பையில், ஈப்போவில். சரி, வைஃபை. கேமராவில் அதைத் திறந்து, ஃபோனை இணைத்தேன். இந்த இணைப்பில் இணையம் இல்லை என்று ஃபோன் தானாகவே கழன்று டேட்டாவுக்குத் தாவியது. இது தெரிந்த கதைதான். டேட்டாவை அணைத்துவிட்டு மறுபடி இணைத்தேன். இப்போது படம் இழுக்கிற ஆப் வழி மறித்தது: என்னைப் புதுப்பித்தால்தான் திறப்பேன் என்றது. புதுப்பிக்க டேட்டா வேண்டும். அந்தத் திடலில் டேட்டா கோயில் கோபுரத்துப் பக்கம் போனால்தான் வரும். போனேன். பத்துத் தலையும் என் பின்னால் வந்தன. ஆப் பாதி இறங்கி நின்றுவிட்டது.

"ஆப்பு ரோசாக்கா?" என்று பின்னாலிருந்து ஒருவர்.

"கெட்டுப்போகல மச்சான், லைன்தான் இல்ல," என்று இன்னொருவர்.

மாமா மகன் தன் பவர் பேங்க் வயரை நீட்டினான். கேமராவின் பழைய ஓட்டைக்கு அது அதிசயமாகப் பொருந்தியது. மறுமுனைக்கு யாரோ ஒரு சின்ன இணைப்பான் கொடுத்தார்கள். ஃபோனில் மாட்டினேன். ஒன்றும் வரவில்லை. வெறும் சார்ஜ் ஏற்றுகிற வயர் அது, படம் போகாது.

"வயருக்குள்ள கூட சாதி இருக்கா?" என்றார் ரெஃப்ரி மாமா.

இதற்குள் மாமா மகன் பொறுமை இழந்து, கேமராத் திரையைத் தன் ஃபோனால் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். எங்கள் குடும்பத்தில் படத்தை மாற்றும் நான்காவது வழி இதுதான், எல்லோரும் செய்வதும் இதைத்தான். வெயிலும் கீறலும் அவன் விரல் நிழலும் சேர்ந்து, பந்து எது கையுறை எது என்று தெரியாத படம். கோபுரத்தடியில் அவரவர் ஃபோன் டிங் டிங் என்றது. சிங்கப்பூரிலிருந்து ஒரு சித்தப்பா எழுதியிருந்தார்: கோல்தான், சந்தேகமே இல்லை. அவர் அம்மாவின் தங்கை கணவர், கீழ் டிவிஷன்.

அண்ணன் மட்டும் வரவில்லை. அவன் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கையுறையோடு உட்கார்ந்திருந்தான். கீழ் டிவிஷன் கூடாரத்தில் நாலைந்து பேர் எழுந்து நின்று, சத்தமில்லாமல், முழங்கையை மடக்கிக் கையை மெல்லத் தூக்கினார்கள். அவன் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பாட்டு காதில் விழுந்தது. இத்தனை கலாட்டாவிலும் பாட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது. பீடோரிலிருந்து சவுண்டு சிஸ்டம் கொண்டுவந்திருந்த அண்ணே, மேசைமேல் கனமான பழைய லேப்டாப் ஒன்றை வைத்திருந்தார். புது லேப்டாப்பில் எல்லாம் கார்டு போடுகிற இடத்தை எடுத்துவிட்டார்கள். பழசில் இருக்கும். ஓடிப்போய்ப் பக்கவாட்டில் பார்த்தேன். இருந்தது.

"அண்ணே, ஒரு கார்டு போடணும்."

"ஒண்ணும் போடக்கூடாது. ஒருத்தன் இப்படித்தான் கல்யாண வீட்டுல பென்டிரைவ் போட்டான். தாலி கட்டுற நேரத்துல கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. மேளக்காரர் கோவிச்சுக்கிட்டாரு, நான் என்னா பண்ணுவேன்?"

"இது கேமரா கார்டு அண்ணே. பாருங்க, பக்கத்துல சின்னதா ஒரு பூட்டு இருக்கு. இதத் தள்ளிட்டா உள்ள எதுவும் எழுத முடியாது."

"அது உன் கார்டுக்குப் பூட்டு. என் லேப்டாப்புக்கு யாரு பூட்டு?"

சரியான கேள்வி. அவர் என் தோளுக்கு மேலே பார்த்தார். இரண்டு டிவிஷனும் சேர்ந்து வந்து நின்றுகொண்டிருந்தது. அவர் பெருமூச்சு விட்டுப் பாட்டை நிறுத்தினார். திடலே திடீரென்று அமைதியானது.

கார்டைச் செருகினேன். படங்கள் ஒவ்வொன்றாக, ஊர்ந்து, திரையில் நிறைந்தன. வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்பீக்கர் பெட்டி மூடுகிற தார்ப்பாயை எடுத்து சவுண்டு அண்ணே எங்கள் தலைமேல் போட்டார். உள்ளே நான், ரெஃப்ரி மாமா, மாமா மகன், எப்படியோ நுழைந்த அம்மா. வியர்வையும் தைலமுமாக மூச்சு முட்டியது. கீழே போகப் போக, வழியில் ஒரு படம் வந்தது: அம்மா வாயைப் பிளந்து, இரண்டு கையையும் தூக்கி, தன் பிள்ளைக்கு எதிராகக் கத்துகிறார்.

"அத அழிச்சிரு," என்றார் அம்மா.

"பூட்டு போட்டிருக்கும்மா. முடியாது."

பிறகு அந்தப் படம். திரை முழுக்க விரித்தேன். கேமரா வாங்கியதிலிருந்து அவ்வளவு துல்லியமாக நான் எதையும் எடுத்ததில்லை. பந்தின் தையல் தெரிந்தது. கையுறையில் ஒட்டிய புல் தெரிந்தது. மாமா மகனின் பூட்ஸிலிருந்து தெறித்த மண் தெரிந்தது. வெள்ளைக் கீற்றும் தெரிந்தது. அது கோடு இல்லை. அண்ணன் காலுறையில் சுற்றியிருந்த டேப், பிரிந்து புல்லில் நீளமாகக் கிடந்தது.

"அப்ப கோடு எங்க?" என்றார் ரெஃப்ரி மாமா.

கோடே இல்லை. காலையில் சுண்ணாம்புத் தூள் தூவிப் போட்ட கோடு. கோல் முகத்தில் அத்தனை கால் மிதித்து, அந்த இடத்தில் சுத்தமாக அழிந்திருந்தது. அடுத்த படத்திலும் இல்லை, முந்தின படத்திலும் இல்லை. கம்பத்தை வைத்துக் கணக்குப் போடலாமா என்று மாமா மகன் கேட்டான். நான் நின்றது பக்கவாட்டில், கம்பத்துக்கு நேராக இல்லை. அந்தக் கோணத்தில் போட்டால் தப்பாகத்தான் வரும், சொன்னேன். இரண்டு பக்கமும் சொன்னது டேப்பைப் பார்த்துத்தான் என்று புரிந்ததும் தார்ப்பாய்க்குள் அம்மாதான் முதலில் சிரித்தார்.

தார்ப்பாயை விலக்கி வெளியே வந்து, ரெஃப்ரி மாமா மைக்கை வாங்கினார். "கோடு இல்ல. அதனால கோலும் இல்ல, கோல் இல்லாமலும் இல்ல. ஒரே ஒரு பெனால்டி. அதே ஆள் அடிக்கணும், அதே ஆள் புடிக்கணும். போனா கீழ் டிவிஷன், புடிச்சா மேல் டிவிஷன். அப்புறம் எவனும் என்கிட்ட வராத."

எல்லோரும் ஓடினார்கள். நானும் என் பழைய இடத்துக்கு ஓடினேன். அண்ணன் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கேமராவைத் தூக்கிக் காட்டினேன்.

மாமா மகன் பந்தை வைத்துவிட்டு, உதைப்பதற்கு முன்னால் கையை மெதுவாகத் தூக்கிக் காட்டினான். கூடாரம் சிரித்தது. அடித்தான். போன வருடம் மாதிரி இல்லை, நல்ல உதை, மூலைக்கு. அண்ணன் பறந்தான். அவ்வளவுதான் சொல்ல முடியும். பந்து அவன் விரலில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போய்ச் செம்பனைக்குள் விழுந்தது.

நான் சரியான நொடியில் அழுத்தியிருந்தேன். திரையில் படம் வந்தது. பார்த்தேன்: அவன் முழு உடம்பும் தரைக்கு மேலே, நீண்ட கை, விரல் நுனியில் பந்து, பின்னால் கூடாரத்தில் பாதி தூக்கிய நிலையில் நின்றுபோன கைகள். படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது. படம் மறைந்த பிறகுதான் அது என்னவென்று உறைத்தது. கார்டு இல்லை.

கார்டு சவுண்டு அண்ணேயின் லேப்டாப்பில் இருந்தது. கார்டு இல்லாமலும் இந்தக் கேமரா எடுக்கும், காட்டும், வைத்துக்கொள்ளாது. அப்படி எடுக்க வேண்டாம் என்றால் மெனுவில் ஓரிடத்தில் அணைத்து வைக்கலாம். நான் அணைத்து வைத்ததில்லை.

அண்ணனைத் தோளில் தூக்கிவைத்திருந்தார்கள். சவுண்டு சிஸ்டம் அண்ணே மைக்கில், "டோல் மூடியாச்சு லா!" என்று கத்தி, முழங்கையை மடக்கித் தூக்கியிருந்த கையைக் கீழே இறக்கினார். மேல் டிவிஷன் முழுக்க அதையே செய்தது. மாமா மகனும் செய்தான், சட்டி கழுவப் போகும் வழியில்.

அண்ணன் இறங்கி நேராக என்னிடம் வந்தான். "எடுத்தியா?"

சொன்னேன். அவன் கேமராவை வாங்கி, கார்டு போடுகிற மூடியைத் திறந்து, காலியாக இருந்த ஓட்டையைப் பார்த்தான். மூடினான்.

"ஃபோன்ல எவனாச்சும்?"

கேட்டுப் பார்த்தோம். எடுத்தவர்கள் எல்லோருமே அந்த நேரத்தில் எழுந்து குதித்திருந்தார்கள். வானம், கூடாரத் துணி, ஒருவருடைய காது.

திரும்பி வரும்போது அண்ணன் ஓட்டினான். ஈப்போ விளக்குகள் தெரிய ஆரம்பித்ததும் கேட்டான்.

"நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"சொல்லு, எப்படி இருந்துச்சு."

சொன்னேன். கால் இரண்டும் எங்கே இருந்தன, கை எவ்வளவு நீண்டிருந்தது, பின்னால் யார் யார் கை பாதியில் நின்றது. அவன் வேகத்தைக் குறைத்துக் கேட்டான். "வலது கையா?" என்றான். "ரெண்டு விரல்தான் பட்டுச்சா?" என்றான். சிவப்பு விளக்கில் நின்றபோது இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

பின் சீட்டிலிருந்து அம்மா சொன்னார். "தோத்தது என் டிவிஷன். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

வீட்டுக்கு வந்து, ரீடரில் கார்டைப் போட்டு, அந்தக் கோடில்லாத படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். சாதாரணமாக அனுப்பினால் நசுக்கிவிடும் என்று ஃபைலாகவே அனுப்பினேன். பந்தின் தையல்வரை அப்படியே போய்ச் சேர்ந்தது. அவன் அதைத்தான் ப்ரொஃபைலில் போட்டான். அந்தச் சின்ன வட்டத்துக்குள் பந்தும் இரண்டு கையுறையும் மட்டும்தான் அடங்கின. டேப் வெளியே போய்விட்டது.

முதல் பதில் மாமா மகனிடமிருந்து. "இது கோலு லா மச்சான்."

அண்ணன் தடுப்புக் கட்டை படம் ஒன்றைத் தேடி அனுப்பினான். மூடியிருப்பது.