அவன் இல்லாமல் ஆடிய அரையிறுதி

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பத்துப் பேர் சேர்ந்து நடத்திய கூடைப்பந்து அணிக்கு நான்தான் கேப்டன். ஆனால் எங்கள் அணி என்றாலே ஊரில் ஒருவனைத்தான் சொல்வார்கள். ஒடுகத்தூர்க்காரன், ஆறடி மூன்று அங்குலம். பந்து அவன் கைக்குப் போனதுமே நாங்கள் தடுப்பாட்டத்துக்குத் திரும்பி ஓட ஆரம்பித்துவிடுவோம். கூடையில் விழும் என்பதில் அவ்வளவு நம்பிக்கை.

அரையிறுதிக்கு நான்கு நாள் இருக்கும்போது பைக்கில் சறுக்கி விழுந்து அவனுக்கு முட்டிச் சவ்வு கிழிந்தது. எதிரணி அரக்கோணம். அன்று மாலை அவனுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன்.

"நீ இல்லாம இன்னா மேட்ச்? இவனுங்கள இட்டுகினு அரக்கோணம் போறதே தண்டம். அதுவும் அந்தக் கட்டிங் பாய் இருக்காரே, பந்து வந்தா கண்ண மூடிக்கிறாரு."

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், அது அணியின் குரூப்புக்குப் போயிருந்தது. அழிப்பதற்குள் ஆறு பேர் கேட்டுவிட்டார்கள்.

மறுநாள் பயிற்சிக்கு எல்லோரும் வந்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தோல் வெட்டும் பிரிவில் வேலை பார்க்கும் அந்த பாய், எங்களில் மூத்தவர், குள்ளமானவர், "வாங்க கேப்டன்" என்றார், எப்போதும்போல. திட்டியிருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்க வேண்டிய நான், ஓட்டம் போதவில்லை என்று அவர்களிடம் கத்தினேன்.

ஆட்டத்தில் மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேறினேன். அப்போது பதினொரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பெஞ்சில் உட்கார்ந்து நான் நினைத்ததை வீட்டில்கூடச் சொன்னதில்லை. தோற்கட்டும் என்று நினைத்தேன். தோற்றால் நான் பேசியது உண்மையாகிவிடும். யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை.

அவர்கள் தோற்கவில்லை. பாய் குனிந்து குனிந்து பந்தைத் தட்டிப் பறித்தார். மற்றவர்கள் ஓடி ஓடிப் போட்டார்கள். இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். நானும் கத்திக்கொண்டு ஓடிப்போய் எல்லோரையும் கட்டிப்பிடித்தேன். என் சத்தம்தான் எல்லோரையும்விடப் பெரிதாக இருந்தது.

திரும்பும் ரயிலில் பாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பாய், அந்த வாய்ஸ் மெசேஜ்..."

"வுடுங்க கேப்டன்" என்றார். பிறகு, "என் பொண்ணும் பக்கத்துல இருந்து கேட்டுட்டா. அதான் ஒரு மாதிரி ஆயிடுச்சி" என்றார்.

"தப்புதான் பாய்" என்றேன். பெஞ்சில் நினைத்ததைச் சொல்லியிருக்க வேண்டும். வாலாஜா தாண்டியது, காட்பாடி தாண்டியது, சொல்லவில்லை.

இறுதிப்போட்டியில் மோசமாகத் தோற்றோம். அன்று நான் கடைசிவரை களத்தில் இருந்தேன். ஜெயிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன். ஆட்டம் முடிந்ததும் பாய் வந்து என் தோளைத் தட்டி, "நல்லா ஆடுனீங்க" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.