பெஞ்சில் படித்த டைப்பிங்

எங்கள் வீட்டிலிருந்து நண்டலாற்றுப் பாலம் கூப்பிடு தூரம். பாலத்துக்கு இந்தப் பக்கம் பூவம், காரைக்காலைச் சேர்ந்தது. அந்தப் பக்கம் தமிழ்நாடு, அத்தை வீடு. இரண்டு பக்கமும் ஒரே காற்று, ஒரே கொசு. அரசாங்கம் மட்டும் வேறு. பெட்ரோல் எங்கள் பக்கம் மலிவு என்பதால் அந்தப் பக்கத்து வண்டிகளெல்லாம் அப்பா வேலை பார்த்த பங்கில் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இதை ஏதோ நான் கிணறு தோண்டிக் கண்டுபிடித்த மாதிரி அத்தாச்சியிடம் சொல்லிக் காட்டுவேன். அத்தாச்சி என்றால் அத்தையின் மகள், என்னைவிட நான்கு வயது மூத்தவள்.

ஆண்டவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான் எட்டாவது படித்த வருஷம், அவள் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு இலவச லேப்டாப் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் கேட்டால், "வரும், வரும்" என்றார்கள்.

அந்த ஞாயிறே, மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு, அத்தை ஓட்டிய ஸ்கூட்டியின் பின்சீட்டில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். பிறந்த குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பிடித்துப் பார்த்ததில்லை. அம்மா மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினாள். எனக்கென்று எடுத்து வைத்திருந்த வஞ்சிரத் துண்டு அவள் தட்டுக்குப் போனது. எனக்கு வால் வந்தது. என் வயிறு எரிந்த எரிச்சலில் அந்த வாலையே இன்னொரு தடவை பொரித்திருக்கலாம்.

தொட்டுப் பார்க்கலாம் என்று விரலை நீட்டினேன்.

"டேய், மீன் கை! தொடாத."

"பெரிய இது. எங்க ஸ்கூல்ல வரிசையா கம்ப்யூட்டரு நிக்கிது. ஏசி ரூமு. தனியா கம்ப்யூட்டர் டீச்சரு. தெரியுமா?"

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அறை இருந்தது, ஏசி இருந்தது, கம்ப்யூட்டர்களும் வரிசையாகத்தான் இருந்தன. தவக்காலத்தில் கோயில் சுரூபங்களை மூடிவைப்பார்களே, அதே போல எல்லாவற்றுக்கும் ஊதாத் துணி போட்டிருந்தது. கோயிலிலாவது உயிர்ப்பு ஞாயிறு வந்தால் துணியை எடுப்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்த ஞாயிறு வரவே இல்லை. பிள்ளைகள் தொட்டுக் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று அறை பூட்டியே கிடந்தது. நாங்கள் ஜன்னல் வழியாகத் தரிசித்துக்கொள்வோம்.

கம்ப்யூட்டர் டீச்சர் மட்டும் உண்மையிலேயே பாடம் நடத்தினார். பெஞ்சின் மேல் சாக்பீஸால் கட்டம் போட்டு எழுத்துகளை எழுதிவிடுவார். அதில்தான் டைப்பிங். திரை கிடையாதே, யார் அடிக்கிறார்கள் யார் தூங்குகிறார்கள் என்று எப்படித் தெரியும்? காதால்தான். "சத்தம் வரணும்டா! வெரல்ல எலும்பு இருக்கா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே நடப்பார். நாங்கள் விரல் முட்டி வலிக்க அடிப்போம். பக்கத்து வகுப்புக் கணக்கு சார் வந்து, "என்ன டீச்சர், இங்க பறையடிக்கச் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். வகுப்பில் நான்தான் முதல். இடி மாதிரிச் சத்தம், ஒரு பிழை கிடையாது. எழுத்தே விழாத இடத்தில் பிழை எப்படி விழும்?

அத்தாச்சி அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் விடாமல் வந்தாள். என்னைக் கடுப்பேற்றத்தான் வருகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திறப்பாள். நீல வானமும் புல்வெளியுமாக ஒரு படம் வரும். கொஞ்ச நேரம் அதையே பார்ப்பாள். மூடுவாள். நான் சுவரைப் பார்த்தபடி ஓரக்கண்ணால் அந்தப் புல்லையெல்லாம் மேய்ந்து தீர்ப்பேன்.

பிறகு ஒரு ஞாயிறு, அவளாகவே அதை என் பக்கம் தள்ளினாள்.

"நீதான் கம்ப்யூட்டர் ரூம் ஆளாச்சே. எங்க, அடிச்சுக் காட்டு பாப்பம்."

கை கழுவினேன். சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவினேன். உட்கார்ந்து, கண்ணை மூடி, டீச்சர் சொல்லித்தந்த மாதிரியே முதுகை நிமிர்த்தி, விரல்களை வைத்து, எலும்பு இருப்பதை நிரூபித்தேன். நாலாவது அடியில் ஏதோ தெறித்தது. கண்ணைத் திறந்தால் கீபோர்டில் ஒரு எழுத்தைக் காணவில்லை. பல் விழுந்த வாய் மாதிரி அங்கே ஓர் ஓட்டை.

செத்தேன் என்று நினைத்தேன். அப்பாவின் பெல்ட்கூட இரண்டாம்பட்சம். இனி இந்த லேப்டாப் பாலம் தாண்டி வராது. அதை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது. வயிறு எரியவாவது ஒன்று வேண்டுமே.

அவள் திட்டவில்லை. குப்புறப் படுத்து, கட்டிலுக்கடியிலிருந்து அந்த எழுத்தை எடுத்து, ஊதி, ஓட்டையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். டிக் என்று உட்கார்ந்துகொண்டது.

"இவ்ளோ ஓங்கி அடிக்கணுமாடா?" என்று கேட்டாள். முகத்தில் கேலியே இல்லை.

"பின்ன? சத்தம் வரணும்ல," என்றேன். போன உயிர் வந்துவிட்டால் திமிரும் கூடவே வந்துவிடும்.

"எனக்கும் சொல்லிக் குடு."

சொல்லிக்கொடுத்தேன். எந்த விரல் எந்த எழுத்துக்கு என்று காட்டினேன். அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஓங்கி அடித்தாள். "அங்க என்ன, மிளகாய் இடிக்கிறீங்களா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். திரையில் வந்தது எந்த மொழியும் இல்லை. ஆனாலும் அத்தாச்சி அதை வேதம் போலப் படித்தாள்.

சாயங்காலம் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னாள்: "ஒனக்கென்னடா, சொல்லிக் குடுக்க டீச்சர் இருக்காங்க. எங்க ஸ்கூல்ல பொட்டியக் குடுத்தாங்க, கைதட்டச் சொன்னாங்க, அவ்ளோதான். தொறந்து காட்ட ஒரு ஆளு இல்ல. எங்கப்பா பேசாம என்னைய ஒங்க ஸ்கூல்ல சேத்துருக்கலாம்."

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது?

"அப்ப மாத்திக்கலாமா?" என்றேன், அவளை மடக்குகிற எண்ணத்தில்.

"மாத்திக்கலாம்," என்றாள் உடனே. சிரிக்கவே இல்லை.

நக்கலைச் சிரிக்காமல் செய்யக்கூடப் பழகிவிட்டாள், எல்லாம் லேப்டாப் கொடுத்த கொழுப்பு என்று முடிவு கட்டி, டாட்டா காட்டாமல் உள்ளே போய்விட்டேன்.