மேகத்தில் உறையாத நீர்

கலைவாணிக்குச் சொந்த ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லம். அப்பா ராஜாங்கம் நிலக்கடலை போடுகிற விவசாயி. இயற்பியல் படித்த கலைவாணிக்கு இமயமலையில் ஒரு மேக ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது.

பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் மேகத்தில் மிதக்கும் நீர்த்துளிகளை அளப்பது அவள் வேலை. பலூனில் அதிரும் மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டி மேலே விடுவார்கள். துளிகள் கம்பியில் பட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பாரம் ஏற ஏற அதிர்வு குறையும். அதை வைத்து நீரின் அளவு தெரியும். அந்த நீர் போதுமான அளவு இருந்தால்தான் வேதித்தூள் தூவிப் பனி பொழிய வைக்க முயலலாம்.

"நம்ம ஊருக்கு எப்பம்மா மழ கொண்டாருவ?" என்று ராஜாங்கம் போனில் கேட்பார்.

"இந்த மேகம் வேற நைனா. நம்மூருக்கு ஒத்துவராது."

"பரவால்ல. எங்கனா பேஞ்சா சரி."

ஒரு தை மாதம் தம்பி இளவரசன் கூப்பிட்டான். "நைனாவுக்கு நெஞ்சு வலிக்குதாம்க்கா."

ராஜாங்கம் போனை வாங்கி, "வாயுப் புடிப்பும்மா. நீ வேலையப் பாரு" என்றார்.

பருவம் முழுக்கக் காத்திருந்த மேகக்கூட்டம் மறுநாள் வரவிருந்தது. வந்தால் மலைப்பாதை மூடிவிடும் என்பதும் கலைவாணிக்குத் தெரியும். அன்று மதியம் ஒரு ஜீப் கீழே கிளம்பியது. "நீயும் போறியா?" என்று கூட வேலை செய்யும் காயத்ரி கேட்டாள்.

"வாயுன்னுதான் சொன்னாரு" என்று கலைவாணி தங்கிவிட்டாள்.

மேகம் வந்தது. பலூன் ஏறியது. அதுவரை அவர்கள் பார்த்திராத அளவு நீர். காயத்ரி கைதட்டிக்கொண்டிருந்தபோதே இளவரசனின் போன் வந்தது. அவனால் அழத்தான் முடிந்தது.

வெளியே முழங்கால் அளவு பனி.

"நீ பாக்காம எப்படிக்கா எடுக்கறது?" என்று இளவரசன் மறுபடி கூப்பிட்டுக் கேட்டான்.

"எனக்காகப் போட்டு வெக்காதீங்கடா."

பாடை வாசலைத் தாண்டுவதைச் செல்போனில் பார்த்தாள். தெருமுனை வருவதற்குள் சிக்னல் போய்விட்டது.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது பால் தெளித்து முடித்திருந்தார்கள். அம்மா குஞ்சம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

"வழி மூடிக்கும்னு முன்னாடியே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்மா. வந்திருக்கலாம்."

குஞ்சம்மாள் எழுந்துபோய்ச் சோறு போட்டு வந்து வைத்தாள்.

கருமாதி முடிந்ததும், வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள்.

"அவரு போனது பத்தாதா? அதுவும் போவணுமா?" என்று அம்மா முதல்முறையாக உடைந்து அழுதாள்.

மறுநாள் வேலைக்குத் திரும்பும் மகளோடு செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரை குஞ்சம்மாளும் வந்தாள். பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரமே நின்றாள்.