அட்டனிலிருந்து கொழும்புக் குத்துச்சண்டை மண்டபம் வரை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அட்டனில் ரயில் ஏறினோம், நானும் என் தங்கை புருஷன் செல்லையாவும். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அவர் அதே தோட்டத்து ஃபாக்டரியில் ரோலர் மெஷின் ஓட்டுகிறவர். அட்டன் டவுனில் குத்துச்சண்டை பழகி, ஏழு பேரை வரிசையாகச் சாய்த்தவர். இன்று கொழும்பில் நடக்கும் போட்டியில் ஜெயித்தால் அங்கே துறைமுகத்தில் வேலை, குடியிருக்க வீடும் உண்டு என்று அங்குள்ள குத்துச்சண்டைக் கிளப்காரர் எழுதியிருந்தார். தங்கைக்கு இது எட்டாம் மாதம்.

நாவலப்பிட்டியில் வடை வாங்கினேன். செல்லையா தொடவில்லை.

"சண்டைக்கு முன்னாடி கொழுந்து மாதிரி நிறுத்துப் பாப்பாங்க மச்சான். பிள்ளை லயத்து ஒத்தை ரூம்ல பொறக்கக் கூடாது. ஜெயிச்சிட்டு ஒரு கூடை திங்கிறேன்."

நூற்றெட்டு மைல். பிற்பகல் இரண்டு மணிக்குக் கோட்டை ஸ்டேஷன்; அங்கிருந்து பத்துச் சதத்துக்கு பஸ்.

மண்டபத்தைக் கண்டு வாயடைத்துப் போனேன். எங்கள் ஃபாக்டரி மூன்றை உள்ளே தள்ளினாலும் இடம் மிஞ்சும். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. போன வாரம் இங்கே சர்க்கஸாம், அடுத்த வாரம் பூக் கண்காட்சியாம். யானை நாற்றம் இன்னும் போகவில்லை. கேலரி டிக்கெட் ஒரு ரூபா. இத்தனை ஆயிரம் பேர் ஒரே கூரைக்குக் கீழே உட்காரலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் புளுகு என்றிருப்பேன்.

ஐந்தரை மணிக்குச் செல்லையா மேடை ஏறினார். முதல் சுற்று முழுக்க அவருடையதுதான். எதிராளி கயிற்றில் சாய்ந்து மூச்சு வாங்கினான். பக்கத்தில் இருந்த சிங்களப் பெரியவர், "அது உங்க ஆளா? சரி, வேல முடிஞ்சுது" என்று என் முதுகில் தட்டினார்.

இரண்டாவது சுற்றில் நடுப்பாதை வழியாக எங்கள் தோட்டத்து வெள்ளைத்துரை வந்தார். தன் தோட்டத்து ஆளை உற்சாகப்படுத்தத்தான் வந்திருக்கிறார், பாவம். மேடைக்கு முன்னால் நின்று தொப்பியை ஆட்டினார். செல்லையா அவரைக் கண்டுவிட்டார். தோட்டத்து ரோட்டில் துரை எதிரே வந்தால் நாங்கள் ஓரமாக ஒதுங்கி, கையைத் தொங்கவிட்டு, தலை குனிந்து நிற்போம். செல்லையாவும் ஓரமாக ஒதுங்கினார். இரண்டு கைகளும் இறங்கின. தலை குனிந்தது.

"கையைத் தூக்குங்க" என்று நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. நானும் எழுந்து நின்றிருந்தேன். தோளில் கிடந்த துண்டு எப்போதோ என் கைக்கு வந்திருந்தது. தாடையில் விழுந்த குத்து கேலரி வரை கேட்டது. நடுவர் பத்து எண்ணி முடித்தார்.

ஆறு மணிக்கு உடை மாற்றும் அறையில்தான் அவர் கண் திறந்தார். அதற்குள் கிளப்காரர் வாசல்வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். வேலையும் இல்லை, வீடும் இல்லை.

செல்லையா என் கையைப் பிடித்தார்.

"சட்டையில்லாம நின்னுட்டேனே மச்சான், துரை கோவிச்சுக்கிட்டாங்களா?"