உப்புநீரிலும் திரிந்தது

ஒரு நாள் காத்திருந்தது மங்கையின் தெளிவா, பிடிவாதமா? எனக்குத் தெரியாது. சென்ற வாரம் அவருடைய மகள் தொலைபேசியில், "அத்தை, அம்மா போயிட்டாங்க" என்று அழுதபோதும் இந்தக் கேள்விதான் மனதில் வந்தது. இங்கே கூடியிருக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய கோபமும் கேலியும் தெரியும். போடி அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பக்கத்து மேசையில் இருந்த நான் ஒரு மாலையை மட்டும் சொல்கிறேன்.

ஏலக்காய் பறிப்புக் காலம். குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கு. ஜீப்பில் போடிக்கு இறக்கினார்கள். அந்த லயத்து வேலுத்தாயின் மகள் வார்டில் கண் உள்ளே போய்க் கிடந்தாள். வேலுத்தாய் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"டாக்டரம்மா, காலரான்னு மட்டும் எழுதிப்புடாதீக. அந்தப் பேரு வந்துருச்சுன்னா எங்க லயத்து ஆளுகள எவனும் வண்டியில ஏத்த மாட்டான். பறிப்பு போச்சுன்னா சோறு போச்சு."

"நான் எழுதலேன்னா கிருமி கோவிச்சுக்கிட்டுப் போயிருமா ஆத்தா?" என்றார் மங்கை. "போ, பிள்ளைக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணியக் குடுத்துக்கிட்டே இரு."

நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்துத் தட்டில் வளர்த்ததில் மஞ்சளாக வளர்ந்திருந்தது காலராக் கிருமியாக இருக்கலாம்; பார்வைக்கு அதே போலிருக்கும் உறவுக் கிருமியாகவும் இருக்கலாம். பிரித்தறிய, காலராக் கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் கொண்ட சீரம் இருந்தது. கண்ணாடித் தகட்டில் சீரத்தை ஒரு சொட்டு விட்டுக் கிருமியைக் கலந்தால், காலராவென்றால் பால் திரிவதுபோல் திரியும். சுகாதார அதிகாரி மறுபடி மறுபடி அழைத்தார். அந்த நெருக்கடியில் மங்கை மஞ்சள் தட்டிலிருந்தே எடுத்துக் கலந்தார். திரிந்தது. அதிகாரியிடம் சொல்ல நான் தொலைபேசியை எடுத்துவிட்டேன்.

"வையி அதை" என்றவர், பக்கத்தில் வெறும் உப்புநீர்ச் சொட்டில் அதே கிருமியைக் கலந்தார். அதுவும் திரிந்தது.

"உப்புத்தண்ணிக்கே திரியிற கழுத. சீரத்துல திரிஞ்சதுக்கு என்னத்தா அர்த்தம்?"

அந்த வகைத் தட்டில் வளர்ந்தவை சில சமயம் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். சாதாரணத் தட்டுக்கு மாற்றி, இரவு முழுதும் வளர்த்துப் பார்க்க வேண்டும். மலைப்பாதையில் ஜீப்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"காலராவாகவே இருந்தால்?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவர் அதிகாரியிடமே பேசினார். "சார், சந்தேகம்னு வச்சுக்கங்க. லயத்துல குடிக்கிற ஊத்துக்கு இப்பவே குளோரின் போடுங்க, மருந்தக் குடுங்க. அதுக்கெல்லாம் பேரு வேணாம். பேரை நாளைக்குத் தர்றேன்." மறுமுனையில் கத்தினார்கள். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தப்பான பேரை அழிக்க ரப்பர் கெடையாது."

அந்த உப்புநீர்ச் சொட்டுச் சோதனையை நான் வழக்கமாக வைத்துக்கொண்டேன். இன்றும் அதைப் பார்க்காமல் எந்தக் கிருமிக்கும் பெயர் சொல்வதில்லை. அவருடைய உறுதி மட்டும் எனக்கு வரவில்லை.

மறுநாள் நடந்தது இது. சாதாரணத் தட்டில் வளர்ந்ததைக் கலந்தபோது உப்புநீர்ச் சொட்டு திரியாமல் கலங்கலாகவே நின்றது. சீரச் சொட்டு உடனே திரிந்தது. காலராதான். மங்கை எழுதிக் கையெழுத்திட்டார். வேலுத்தாயிடம் தானே போய்ச் சொன்னார். தேறிவந்த மகளைக் கணவனிடம் விட்டுவிட்டு, லயத்தில் இருந்த சின்னவனைப் பார்க்க வேலுத்தாய் கிளம்பினார். ஜீப் ஓட்டுநர் கதவை மறித்துக்கொண்டார்.

"அக்கா, கோவிச்சுக்காதீக. இந்த லோடு வேணாம்."

மங்கை அவரை விலக்கிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டினார். வேலுத்தாய் ஏறினார். ஓட்டுநர் கொஞ்ச நேரம் கீழேயே நின்றார். பிறகு ஏறி வண்டியை எடுத்தார்.